வதந்தி எட்டாத கணினி

பேராசிரியர் ராய்ஸ் கிட்டில்சன் அழவில்லை. மூக்கைத்தான் சிந்தினார். ஐந்து நிமிடத்தில் ஏழு தடவை. டெல்மர் புருசாக் எண்ணிக்கொண்டிருந்தான். எட்டாவது தடவைக்குள் மனிதர் விஷயத்துக்கு வந்துவிடுவார் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை.

டெல்மருக்கு நாற்பத்து நாலு வயது. கல்யாண விருந்துகளில் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தவன். ஒரு விருந்தில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்ன நகைச்சுவை எல்லை மீறிப்போய், அந்த வட்டாரத்தில் அவனை யாரும் கூப்பிடுவதில்லை என்று ஆனது. அன்றிலிருந்து லோர்னா க்விஸ்டிடம் இருக்கிறான். வண்டி ஓட்டுவான், கதவு தட்டுவான், கேட்காதபோதும் கருத்து சொல்வான். லோர்னா ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இருபது வருஷம் எரிந்த வீடுகளைச் சுற்றி வந்தவள். எது தானாக எரிந்தது, எதை வீட்டுக்காரனே எரித்தான் என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். அதற்குப் பிறகுதான் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டாள்.

எட்டாவது சிந்தலுக்குப் பிறகு பேராசிரியர் வாயைத் திறந்தார்.

வடக்கு விஸ்கான்சினில் பறவை பார்க்கும் பைத்தியங்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர் அவருடைய ஆராய்ச்சிக்குத் தங்கள் வீட்டுக் கணினிகளைக் கொடுத்திருந்தார்கள். எந்த ஏரியில் எத்தனை வாத்து இறங்கியது என்ற விவரமெல்லாம் அந்த நூற்றுப் பன்னிரண்டிலும் துண்டு துண்டாகக் கிடந்தது. எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற தலைமைக் கணினி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொன்றும் தன் பக்கத்துக் கணினியிடம் கேட்கும், அது தன் பக்கத்தைக் கேட்கும், எங்கிருந்தோ பதில் வந்துவிடும். கல்லூரிப் பிள்ளைகள் பாட்டுத் திருடக் கண்டுபிடித்த பியர்-டு-பியர் தந்திரம்தான். அதைத் தரவுத்தளத்துக்குப் பொருத்திக் காட்டியது அவருடைய மாணவி கோரின் ஆஸ்ட்பி. பாதிக் கணினிகள் அணைந்து கிடந்தாலும் எந்தக் கேள்விக்கும் பதில் கிடைக்கும் என்று நிரூபித்து அவள் எழுதிய கட்டுரைக்கு, அந்த வருஷத்தின் சிறந்த கட்டுரை என்று பரிசும் அறிவித்திருந்தார்கள்.

அந்த எண்களெல்லாம் கற்பனை என்று இப்போது யாரோ புகார் எழுதிப் போட்டிருந்தார்கள். பரிசோதனைப் பதிவைக் காட்டினால் புகார் செத்துவிடும். ஆனால் பதிவைக் காணோம். பத்தொன்பது நாளுக்கு முன்னால் ஆய்வகத்திலிருந்து யாரோ அழிக்கச் சொல்லி உத்தரவு விட்டிருக்கிறார்கள். பதிவையும் அதே நூற்றுப் பன்னிரண்டு கணினிகளில்தான் பேராசிரியர் வைத்திருந்தார், தன் சமையலைத் தானே சாப்பிடுகிறவர் என்ற பெருமைக்காக. உத்தரவு ஒரு கணினியிடமிருந்து அடுத்ததற்கு, அதனிடமிருந்து அதற்கடுத்ததற்கு என்று வதந்தி மாதிரிப் பரவி, ஒவ்வொன்றும் தன்னிடமிருந்த பிரதியைத் துடைத்துவிட்டது. இன்று மாலை நாலு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. பதிவு இல்லையென்றால் கோரினைப் பல்கலைக்கழகத்தை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

உத்தரவு யார் போட்டிருக்க முடியும் என்று லோர்னா கேட்டாள். ஆய்வகத்தில் இருக்கும் ஆறு பேரில் யாரும் போட்டிருக்கலாம் என்றார். அவர் அறைச் சுவரில் மாட்டியிருந்த படத்தில் அந்த ஆறு பேரும் நின்றார்கள். ஐந்து தாடிகள், நடுவில் கோரின்.

"வதந்தி எல்லார் காதுக்கும் போச்சா?" என்றாள் லோர்னா.

பேராசிரியருக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள். ஊரில் ஒரு வதந்தி கிளம்பினால், அன்றைக்கு ஊரில் இல்லாதவன் ஒருத்தன் இருப்பான். அவனிடம் பழைய கதைதான் இருக்கும். அந்த ஆள் யார்?

பேராசிரியர் மூக்கை மறந்துவிட்டு மேஜையைக் கிளறி ஒரு பட்டியலை எடுத்தார். நூற்றுப் பன்னிரண்டு பெயர், ஒவ்வொன்றின் குரலும் கடைசியாகக் கேட்ட தேதி. நூற்றுப் பதினோரு தேதிகள் இந்த வாரத்தவை. ஒன்று மட்டும் இருபத்தொரு நாள் பழையது. லாங் ஹெரன் ஏரிக்கரையில் ஒரு தூண்டில் இரைக் கடை. பெயர்: ஸ்டூல்மேக்.

"இதென்ன பேரு? பாதியிலயே மூச்சு நின்னுபோன மாதிரி" என்றான் டெல்மர்.

பட்டியலில் எட்டு ஆங்கில எழுத்துக்கு மேல் இடமில்லை, முழுப் பெயர் வேறு எங்கும் பதியவில்லை என்றார் பேராசிரியர். அவர் பெயரே அதில் 'கிட்டில்சோ'தான். அந்தக் கணினி இன்னும் உயிரோடு இருந்தால் அதில் பதிவு இருக்கும். ஆனால் இணையத்தில் மறுபடி சேர்ந்த நிமிடமே பக்கத்து வீட்டு வதந்தி அதற்கும் எட்டிவிடும், பதிவு போய்விடும். பிரதி எடுக்கத் தெரிந்தவள் கோரின்தான். அவளையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

கோரின் வந்து பின் இருக்கையில் உட்கார்ந்தாள். இருபத்தெட்டு வயது, நீண்ட கழுத்து, கையுறையின் விரல் நுனிகளைக் கடித்துக் கடித்தே ஓட்டை போட்டிருந்தாள். பிப்ரவரி மாதம். சாலையின் இரண்டு பக்கமும் பனி ஆளுயரத்துக்கு. டெல்மர் அவளைச் சிரிக்க வைக்க ஒரு மணி நேரம் பாடுபட்டான். ராஜா இல்லாத ராஜ்யத்தில் குற்றவாளியைப் பிடித்தால் யார் தூக்கில் போடுவது என்று கேட்டான். சிரிக்கவில்லை. பத்தரை மணிக்குப் பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் பொரித்த சீஸ் ஒரு பொட்டலம் வாங்கி நீட்டினான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பொதுத் தொலைபேசியில் யாருடனோ இரண்டு நிமிடம் பேசிவிட்டு வந்தாள். அம்மாவோடு பேசியிருப்பாள் என்று நினைத்து, அவள் பங்கிலும் டெல்மர் கை வைத்தான்.

கடையைப் பார்த்ததும் லோர்னா "நிறுத்து" என்றாள். கடைக்கு முன்னால் தொலைபேசிக் கம்பெனி வண்டி நின்றது. பனி தள்ளும் லாரி முறித்துப்போட்ட கம்பத்துக்குப் பக்கத்தில் புதுக் கம்பம். அதன் உச்சியில், தூக்கிவிடும் கூடைக்குள், ஒரு கனத்த மனிதன் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"டெல்மர், அந்த ஆளை இறக்கு. லைன் வந்தா வதந்தியும் வந்திரும். பேச்சுக் குடு" என்றாள் லோர்னா.

"எவ்வளவு நேரம்?"

"நீ வாயை மூட முடியாம எவ்வளவு நேரம் இருப்பியோ அவ்வளவு நேரம்."

"அப்ப அவர் இங்கயே ரிட்டயர் ஆக வேண்டியதுதான், தலைவி."

அவளும் கோரினும் உள்ளே போனார்கள். டெல்மர் கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தான். லைன்மேனின் சட்டைப் பையில் 'வெர்ன்' என்று தைத்திருந்தது. டெல்மர் மீதமிருந்த சீஸைத் தூக்கிக் காட்டினான். வெர்ன் மேலே இருந்தபடியே யோசித்தான். அப்புறம் கூடை மெதுவாக இறங்கியது.

வெர்ன் பேச ஆளில்லாமல் காய்ந்துபோயிருந்தவன். குளிர்காலத்தில் இந்தக் கம்பியில் இருப்பது ஒரே ஒரு வீடு, அதனால் அவசரமில்லை என்று மேலதிகாரி தள்ளிப்போட்டே வந்தார் என்றான். அப்புறம் ஏன் திடீரென்று இன்றைக்கு என்று டெல்மர் கேட்டான்.

"அந்தம்மா விடலியேப்பா. இந்த வாரத்துல மூணு தடவை போன். இன்னிக்குக் காலையில மறுபடியும். ரொம்ப மரியாதையான பொண்ணாம், எங்க ஆபீஸ்காரியே உருகிப்போயிட்டா."

"செத்துக் கிடக்கிற போன்ல இருந்தா கூப்பிட்டாங்க?"

வெர்ன் மெல்லுவதை நிறுத்தினான். அதை அவன் யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. எதற்கும் பார்ப்போம் என்று பையிலிருந்த வேலைச் சீட்டை எடுத்து நீட்டினான். கடைசி அழைப்பு காலை பத்து முப்பத்திரண்டு. வாடிக்கையாளர் பெயர்: திருமதி ஸ்டூல்மேக்.

டெல்மர் நிமிர்ந்து கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்தான். ஒரு முழ உயர எழுத்தில் 'மார்வா ஸ்டூல்மேக்கர் – உயிருள்ள இரைகள்' என்று இருந்தது. தன் பெயரைத் தானே பாதியில் வெட்டிக்கொள்கிற பெண்பிள்ளை உலகத்தில் கிடையாது. ஸ்டூல்மேக் என்ற ஆள் ஒரே ஓர் இடத்தில்தான் உயிரோடு இருந்தாள், அந்தப் பட்டியலில். பட்டியல் இருந்தது ஆறு பேர் கையில். அவர்களில் ஐந்து பேருக்குத் தாடி.

அந்தப் பெண்ணை அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது. அதுதான் எரிச்சல்.

சீட்டை ஒரு பத்து நிமிடம் கடன் கேட்டான். தேவைப்பட்டால் நாள் முழுக்க வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வெர்ன் கூடையில் ஏறி மறுபடி மேலே போனான். டெல்மர் கடைக்குள் ஓடினான்.

உள்ளே மண் வாசனையும் மீன் வாசனையும் கலந்து அடித்தது. எழுபது வயது மார்வா ஸ்டூல்மேக்கர், ஆண்பிள்ளைச் சட்டையோடு கல்லாவுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூலையில் அந்தக் கணினி, அதன் காற்றாடி பழைய டிராக்டர் போல உறுமிக்கொண்டிருந்தது. கோரின் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பதிவு இதிலும் இல்லை, தாமதமாக வந்துவிட்டோம் என்று அவள் லோர்னாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது டெல்மர் காதில் விழுந்தது. குரல் அசையாத தண்ணீர் மாதிரி இருந்தது.

டெல்மர் சீட்டை லோர்னாவிடம் கொடுத்தான். "மேல இருக்கிறவன் முடிச்சிருவான். சீக்கிரம்."

"முடிக்கட்டும்" என்றாள் லோர்னா. கோட்டுப் பையிலிருந்து ஒரு சாம்பல் நிறத் தொலைபேசிக் கம்பியை எடுத்துக் காட்டினாள். கணினியின் முதுகில் செருகியிருந்ததை உள்ளே வந்த அடுத்த நொடியே பிடுங்கி வைத்திருந்தாள். "ஊருக்கே லைன் வந்தாலும் இதுக்கு வராது."

"அப்ப என்னை எதுக்கு வெளியே நிறுத்தினே?"

"உன்கிட்ட பேசினா மனுஷங்க சொல்லக் கூடாததைச் சொல்லிருவாங்க. அதுக்கு."

சீட்டைப் படித்துவிட்டு, லைனைச் சரிசெய்யச் சொல்லிப் போன் செய்தீர்களா என்று மார்வாவைக் கேட்டாள். மார்வா சிரித்தாள். இருபத்தொரு நாளாக அவளுடைய மைத்துனன் போனில் பேசவில்லை. இருபது வருஷத்தில் இப்படி ஒரு நிம்மதி அவள் கண்டதில்லை. கம்பத்தை முறித்த லாரிக்காரனுக்குக் கேக் சுட்டுக் கொடுத்தாளாம்.

லோர்னா வேலைச் சீட்டைத் தட்டச்சுப் பலகையின் மேல் வைத்தாள். ஓர் அடி பின்னால் தள்ளி நின்றாள். எரிந்த வீடுகளின் வாசலிலும் அவள் இப்படித்தான் நிற்பாள் என்று டெல்மர் நினைத்துக்கொண்டான். கோரின் படித்தாள். கையுறை ஓட்டைகளில் தெரிந்த விரல் நுனிகள் வெளுத்தன.

"பதிவு இருக்கு" என்றாள். "இப்பவும் இருக்கு. இல்லைன்னு பொய் சொன்னேன்."

"எண்களெல்லாம் கற்பனையா?" என்றாள் லோர்னா.

"இல்ல. ஒரு எண் கூடக் கற்பனை இல்ல. நிஜம்ங்கிறதுதான் பிரச்சினை."

திரையில் பதிவைத் திறந்தாள். ஒவ்வொரு கேள்விக்கு நேராகவும் அதற்குப் பதில் சொன்ன கணினியின் பெயர். டெல்மருக்குக் கணினி என்றால் சீட்டாட்டம்தான் தெரியும். அவனுக்கே புரிந்தது. ஸ்டூல்மேக், ஸ்டூல்மேக், ஸ்டூல்மேக், நடுவில் யாரோ ஒருத்தர், மறுபடி ஸ்டூல்மேக். நூறு கேள்வியில் தொண்ணூற்றொன்றுக்கு இந்தக் கடைக் கணினிதான் பதில் சொல்லியிருந்தது.

மற்றவர்கள் வேலை முடிந்ததும் கணினியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார்கள். இது அணையவே இல்லை. அணையாத கணினியிடம்தான் எல்லாப் பிரதிகளும் வந்து சேர்ந்தன. ராஜா இல்லாத ராஜ்யம் என்று கோரின் உலகத்துக்கு அறிவித்த இடத்தில், ஒரு ராணி எல்லா வேலையையும் தனியாகச் செய்துகொண்டிருந்தாள். பாதிக் கணினிகள் அணைந்தாலும் பதில் கிடைக்கும் என்பது உண்மைதான். இந்த ஒன்றைத் தவிர எல்லாமே அணைந்தாலும் கிடைத்திருக்கும். இது அணைந்திருந்தால் கட்டுரையே இல்லை.

"நீங்க ஏன் இதை அணைக்கவே மாட்டேங்கறீங்க?" என்று கேட்டான் டெல்மர்.

மார்வா மேஜைக்கு அடியைக் காட்டினாள். கணினியின் சூடான காற்று வந்து விழும் இடத்தில் நாலு மரப்பெட்டிகள். "புழு. குளிர் தாங்காது கண்ணு. ஹீட்டர் வச்சா வெந்துபோகுது, இது பதமா இருக்கு. அதுக்கு மேல அது என்ன பண்ணுதுன்னு நான் கேட்டுக்கறதில்ல."

டெல்மருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கோரினின் முகத்தைப் பார்த்துவிட்டு இருமலாக மாற்றினான்.

அவள் தானாகவே மீதியையும் சொன்னாள். பரிசு அறிவித்த வாரத்தில், சும்மா ஆசைக்குப் பதிவை மறுபடி புரட்டிப் பார்த்திருக்கிறாள். பார்த்ததும் வாந்தி வந்ததாம். அன்றே அழிக்கும் உத்தரவைப் போட்டுவிட்டாள். ஒரு வாரம் கழித்துத்தான் புகார் வந்தது, அவள் செய்யாத குற்றத்தைப் பற்றி. தப்பிக்க ஒரே வழி அந்தப் பதிவு. அதைக் காட்டினால் குற்றம் போய்விடும், கட்டுரையும் போய்விடும்.

"பொய் எண்ணுன்னா அவங்க நிரூபிக்கணும். முடியாது. மிஞ்சிப்போனா என்னை அனுப்பிருவாங்க, நான் போயிருவேன். ஆனா நான் முட்டாள்னு இந்தப் பதிவே நிரூபிச்சிரும். புரொஃபசருக்கும் அதோட முடிஞ்சிரும். அந்தக் கட்டுரையோட முதல் பக்கத்தை அவர் பாத்ரூம் கதவுல ஒட்டி வச்சிருக்காரு தெரியுமா?"

"முட்டாள்னு பேரெடுக்கிறதை விடப் பொய்க்காரின்னு பேரெடுக்கிறது மேல்னு நினைச்சியா?" என்றாள் லோர்னா.

கோரின் திரையிலிருந்து திரும்பி லோர்னாவைப் பார்த்தாள். அந்த வாக்கியம் அவள் காதுக்கே இப்போதுதான் எட்டியது போல இருந்தது.

லோர்னா அவளைத் திட்டவில்லை. பதிவைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள், கண்டுபிடித்தாயிற்று, நாலு மணிக்கு அது அந்த மேஜைக்குப் போகும் என்றாள். யார் கையில் என்பது மட்டும்தான் பாக்கி. சொல்லிவிட்டு, கண்ணாடித் தொட்டியில் நீந்தும் பொடிமீன்களை வேடிக்கை பார்க்கப் போய்விட்டாள். கோரினின் விரலுக்குப் பக்கத்திலேயே அழிக்கும் விசை இருந்தது. டெல்மரால் அதன் மேலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. காற்றாடி மட்டும் உறுமியது.

"பிரதி எடுக்க டிஸ்க் வேணும்" என்றாள் கோரின். "ஒம்பது வேணும்."

பழைய கணினி, ஃப்ளாப்பி மட்டும்தான் ஏற்கும். மார்வா ஒரு தகரப் பெட்டியை இறக்கினாள். தேவாலயத்துச் சமையல் புத்தகத்துக்காக ஊர்ப் பெண்கள் குறிப்பு பதிந்து கொடுத்த டிஸ்க்குகள் அதில் இருந்தன. ஒன்பதிலும் நூடுல்ஸ் காசரோல் என்ற ஒரே பண்டம்தான் என்றும், அழித்தால் சபைக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்றும் சொல்லி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் கோரின் தூங்கிவிட்டாள், ஒன்பது டிஸ்க்கையும் மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி.

மூன்றே முக்காலுக்குப் பல்கலைக்கழகம். விசாரணை அறைக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. டெல்மர் வெட்கமில்லாமல் மூக்கை அதில் ஒட்டிக்கொண்டான். மேஜையைச் சுற்றி நாலு பேர், ஓரத்தில் கிட்டில்சன், கோரினைக் காப்பாற்ற எழுதிக்கொண்டு வந்த தாள்களோடு. அவரைப் பேச விடாமல் கோரின் எழுந்தாள். டிஸ்க்குகளை மேஜை மேல் அடுக்கினாள். எண்கள் சரி, நான் அவற்றுக்குச் சொன்ன அர்த்தம் தப்பு, பதிவை அழித்ததும் நான்தான் என்று ஆரம்பித்து எட்டு நிமிடம் பேசினாள். கையுறையைக் கழற்றிவிட்டிருந்தாள். ஓர் இடத்தில் குழுத்தலைவி புழுவா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

ஐந்தே காலுக்கு முடிவு வந்தது. எண்களைக் கற்பனை செய்தாள் என்ற புகார் தள்ளுபடி. கட்டுரையை வாபஸ் வாங்க வேண்டும், பரிசு போயிற்று. பதிவை அழித்ததற்காக ஒரு வருஷம் ஆய்வகத்துப் பக்கம் வரக் கூடாது, அதற்குப் பிறகு முதலிலிருந்து தொடங்கலாம். கோரின் வெளியே வந்து டெல்மரிடம், பசிக்கிறது, பக்கத்தில் சாப்பிட என்ன கிடைக்கும் என்று கேட்டாள். அவன் தெருமுனைக் கடையைக் காட்டினான். விறுவிறுவென்று நடந்து போனாள். ஒரு வருஷத்தைத் தொலைத்தவள் நடக்கிற நடையாக அது இல்லை.

கிட்டில்சன் மட்டும் அறையை விட்டு வரவில்லை. லோர்னா பத்து நிமிடம் காத்திருந்துவிட்டுக் கிளம்பலாம் என்றாள். டெல்மர் இன்ஜினைப் போட்டு, கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்கதவு திறந்தது. பேராசிரியர் உள்ளே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். தொப்பி இல்லை, கோட்டு இல்லை. மூக்கைக் கூடச் சிந்தவில்லை.

நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, டெல்மர் ஏதோ கேலியாகச் சொல்ல வாயெடுத்தான். லோர்னா அவன் முழங்கையைத் தொட்டாள்.

"இன்னொரு பதிவைக் கண்டுபிடிக்கணும்" என்றார் கிட்டில்சன். "எண்பத்து நாலாம் வருஷத்துது. காந்த நாடா. ஒரே ஒரு பிரதி வேற யார்கிட்டயாவது இருக்கலாம்."

"யாரோட பரிசோதனை?"

"என்னோடது. அதை வச்சுத்தான் எனக்கு இந்த வேலையே குடுத்தாங்க."

"யார் அழிச்சது?" என்றாள் லோர்னா.

அவர் விசாரணை அறையின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே விளக்கு இன்னும் எரிந்தது.

"அந்தப் பொண்ணு எட்டு நிமிஷத்துல சொல்லிட்டா" என்றார். "எனக்கு இருபது வருஷமாச்சு."

லோர்னா குறிப்பேட்டை எடுத்தாள்.

"டெல்மர், இன்ஜினை நிறுத்து."